ஒட்டுக்கேட்கக் கற்ற மொழி

தையல் கடையில் அவளுக்கு 'டேப் அக்கா' என்று பெயர். கட்டிங் மாஸ்டர் அளந்து வைத்த துணியையே இன்னொரு முறை அளந்து பார்ப்பவள். கணவன் போன பிறகு மெஷினை மிதித்தே மகனைப் படிக்கவைத்தாள். அவன் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஜப்பான்காரியைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தான்.

மருமகள் ஓரளவு தமிழ் பேசுவாள், மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தன் அம்மாவோடு போனில் பொரிந்து தள்ளுவாள். நடுநடுவே மகனின் பெயர் அடிபடும். டேப் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. மகனைக் கிளப்பிக்கொண்டு போகத்தான் திட்டமோ? கேட்டால் மருமகள் இல்லவே இல்லை என்பாள், இவள் நம்பமாட்டாள்.

ஜப்பானிய மொழிப் பாடம் ஒன்றைப் போனில் தேடிப் பிடித்துக் காதில் மாட்டிக்கொண்டு தைத்தாள். 'கஎரு' என்றால் வீடு திரும்புவது. 'ரைனென்' அடுத்த வருடம். 'கொக்கோ' இங்கே. வெளியாளுக்கு நன்றி சொல்ல 'அரிகத்தோ கொஸாய்மாஸ்' என்று முழுசாக வேண்டும். வீட்டு மனுஷருக்கு 'அரிகத்தோ' போதும், அதிலும் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

"என்னக்கா, ஊசிக்கு மந்திரமா?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"உங்க வாயைத் தைக்கறதுக்கு, மாஸ்டர்."

மாதக்கணக்கில் கதவோரம் நின்றும் ஒன்றும் பிடிபடவில்லை. திடீரென்று ஒருநாள் எல்லாமே புரிந்தது. 'ரைனென் மோ கொக்கோ நி இமாஸ்.' அடுத்த வருடமும் இங்கேதான் இருக்கிறோம். டேப் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் 'அரிகத்தோ கொஸாய்மாஸ்' என்று காதில் விழுந்ததும் கலங்கிய கண் சுருங்கியது. பெற்ற தாயிடம் எவளாவது பாங்க் மேனேஜரிடம் பேசுவதுபோலப் பேசுவாளா? அதுவும் இப்படி நிறுத்தி நிதானமாக?

கதவைத் தள்ளினாள். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் போன் அணைந்து கிடந்தது.

"யார்கிட்ட பேசின?"

"உங்ககிட்டதான், அத்தை. கதவு இடுக்குல உங்க கால் தெரியும். வேகமா பேசினா உங்களுக்குப் புரியாதே."

"அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கென்ன?"

"எத்தனை தடவை சொன்னேன்! நம்பினீங்களா?"

அதற்காக டேப் அக்கா விட்டுவிடுகிறவளா? கட்டிலில் அழுத்தி உட்கார்ந்தாள்.

"இப்பவே உங்க அம்மாவுக்குப் போடு. ஸ்பீக்கர்ல. எப்பவும் பேசற மாதிரி பேசு."

மருமகள் பேசினாள். சொற்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. 'ரைனென்' மட்டும் பிடிபட்டது, பின்னால் ஒரு 'கொக்கோ'. மறுமுனையில் அந்த அம்மாள் "சோக்கா" என்றாள், 'அப்படியா' என்பதுபோல. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

இதை யாரும் ஒத்திகை பார்த்துச் செய்ய முடியாது. டேப் அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா, அழாதீங்க. வருஷா வருஷம் உங்க பொண்ணை ஒரு மாசம் அனுப்பி வைக்கறேன். என் பையனும் கூட வருவான்."

பிறகு மருமகளைப் பார்த்தாள். "அப்படியே உங்க பாஷையில மாத்திச் சொல்லு. ஒரு வார்த்தை விட்டாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."