இடமாற்றம் உள்ள மருமகன்

மகள் கூட்டிவந்தவர் நல்ல உயரம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில், எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டு வாசலில் தலை குனிந்துதான் உள்ளே வந்தார். நிலை இடித்துவிடும் என்று குனிந்தாரா, மரியாதைக்குக் குனிந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவர் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். ஆகவே தொடக்கம் நன்றாகத்தான் போனது.

சாப்பாட்டு மேசையில் கணவர் வேலையைப் பற்றி விசாரித்தார். வந்தவர், தான் ஒரு ஸ்ட்ரைக்கர் என்றார்.

என் கணவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்க அலுவலகம். ஊரே ஸ்ட்ரைக் செய்த நாட்களிலும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தனியாளாக வேலைக்குப் போய், பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். வேலைநிறுத்தக்காரர் என்றால் அவருக்கு ஆகாது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இவர் எந்த யூனியன் ஆளாம்?" என்று தமிழில் கேட்டார்.

மகள் இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்றும் அப்படித்தான், இவர் உதைபந்தாட்டக்காரர், முன்னால் நின்று கோல் அடிக்கிறவரைத்தான் ஸ்ட்ரைக்கர் என்பார்கள் என்று விளக்கினாள். கணவரின் முகம் பாதி தெளிந்தது.

"விளையாட்டு நல்லதுதான். வேலை என்ன எண்டுதான் கேட்டனான்" என்றார்.

அதுதான் வேலை என்று அறிந்ததும் அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

மகள் பிசியோதெரபிஸ்ட். வேல்ஸிலிருந்து ஒரே ஒரு பருவம் விளையாடுவதற்காக ஆக்லாந்து வந்த இவர், தொடைத் தசை இழுத்துக்கொண்டு அவளிடம் சிகிச்சைக்குப் போயிருக்கிறார். குணமாக வேண்டிய காலத்தைவிட அந்தத் தசை கூடுதலாக நாள் எடுத்திருக்கிறது. சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகுதான் பழகத் தொடங்கினோம் என்று மகள் கேட்காமலே சொன்னாள். நாங்களும் மேலே கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். எப்போதும் மழை பெய்கிற ஒரு மலையடி ஊரில் பிறந்தவர். பதின்வயதில் ஒரு பெரிய கழகம் அவரை எடுத்தது, வளர்ந்ததும் விட்டுவிட்டது. அதன் பிறகு ஓரிடத்தில் நிலைத்தது கிடையாது. இங்கிலாந்தின் கீழ்ப் பிரிவுகளில் பல ஊர்கள். ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு குளிர்காலம். மால்ட்டாவில் ஒரு வருடம். ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு தீவில் அவர் அடித்த பந்தைக் காற்று திருப்பி அவரிடமே கொண்டுவந்து கொடுத்ததாம். ஒரு கழகத்தின் பயிற்றுநர், அதே பெயருள்ள வேறொருவருடைய வீடியோவைப் பார்த்துவிட்டு இவரை ஒப்பந்தம் செய்திருந்தார். உண்மை தெரிய வந்தபோது கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் பயிற்றுநர் தன்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கணவரும் சிரித்தார், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

எனக்கு அவரைப் பிடித்ததற்கு வேறொரு காரணம் உண்டு. இரண்டாவது முறை வீட்டுக்கு வந்திருந்தபோது அவருடைய தாய் வீடியோவில் அழைத்தார். தாய் வேல்ஸ் மொழியில் ஏதேதோ கேட்டுக்கொண்டிருக்க, மகன் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அந்த அம்மாவுக்கு முகம் காட்டினேன். ஒருவர் சொல்வது மற்றவருக்கு அரைவாசிதான் விளங்கியது. ஆனாலும் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் நெடுநேரம் முறையிட்டுக்கொண்டோம்.

அவர் என்னை மாமி என்று கூப்பிடப் பழகினார். அதற்கு முன்பே, போதும் என்பதற்கு நாங்கள் சொல்கிற 'காணும்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டுவிட்டார். நான் பரிமாறுகிற வீட்டில் அந்தச் சொல் தெரியாமல் உயிர் தப்ப முடியாது.

கலியாணப் பேச்சு வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவிடமிருந்து அழைப்பும் வந்தது. ஆள் வெள்ளைக்காரன் என்பதை அவள் ஏற்கெனவே கேள்விப்பட்டு, அழுது, முடித்துவிட்டிருந்தாள். இப்போது அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு.

"பிள்ளை, ஆள் என்ன செய்யிறார்?"

நான் எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்க, பின்னால் நின்ற கணவர் முந்திவிட்டார். "ட்ரான்ஸ்ஃபர் இருக்கிற வேலை, மச்சாள். ஒரு இடத்தில கனகாலம் இருக்க விடமாட்டாங்கள்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உதைபந்தாட்டத்திலும் கழகம் மாறுவதற்கு அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அக்காவின் புருஷன் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து இலங்கை முழுவதும் இடமாற்றம் வாங்கிய மனிதர். அந்தச் சொல் அவள் காதில் தேனாக விழுந்தது.

"அப்ப கவுண்மேந்து வேலை. பென்சன் கிடக்கும்" என்றாள் அக்கா. நான் வாய் திறக்க முன்பே லண்டனில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

நாங்கள் அவருடைய ஆட்டங்களைப் பார்க்கப் போகத் தொடங்கினோம். நான் பக்கத்து த்ரீ கிங்ஸில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். சனிக்கிழமை அரை நாள். வேலை முடிந்ததும் கணவர் காரில் வந்து ஏற்றிக்கொள்வார். மழைக்காலத்து மைதானம், முழங்கால் வரை சேறு, பார்க்க வந்தவர்களைவிடக் கடற்பறவைகள் அதிகம். அங்கே போய் நான் கண்டது, எங்கள் ஸ்ட்ரைக்கர் கோல் அடிப்பதில்லை என்பதைத்தான். ஓடுவார், மோதுவார், விழுவார். இரண்டு தடியன்கள் அவருடைய சட்டையைப் பிடித்துத் தொங்குவார்கள். அந்த நேரம் பார்த்துக் குள்ளமான ஒருவன் பக்கத்தால் புகுந்து கோல் அடித்துவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு ஓடுவான்.

ஏன் இப்படி என்று கேட்டேன். அந்தக் குள்ளனுக்கு இடம் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை, மாமி என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கலியாண வீட்டில் சமையல்காரரோடு சண்டை பிடித்து, வாழையிலை தேடி ஓடி, வேர்த்து விறுவிறுத்து நிற்பவர் ஒருவர். போட்டோவில் முன்னுக்கு நிற்பவர் இன்னொருவர். அன்றிலிருந்து நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்க்கத் தொடங்கினேன்.

பருவம் முடிந்ததும் கழகம் அவரை விட்டுவிட்டது. பயிற்றுநர் கார் நிறுத்துமிடத்தில் வைத்து மிகவும் அன்பாகச் சொன்னாராம். இப்படி அன்பாகச் சொல்வதை அவர் பல நாடுகளில் கேட்டிருந்ததால், பயிற்றுநர் பாதி சொல்லும்போதே கை கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நகரத்தின் மறுபக்கத்துக் கழகம் ஒன்று எடுத்துக்கொண்டது. அடுத்த பருவம் வேறொன்று. அதற்கடுத்தது இன்னொன்று. ஆக்லாந்தில் அவர் போட்டுப் பார்க்காத நிறச் சட்டை இல்லை என்று ஆகிவிட்டது.

வாரநாட்களில், நகரத்தின் கிழக்கே பாட்டனி டவுன்ஸில் கட்டில் மெத்தைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இதை மட்டும் என் கணவர் வேலை என்று ஒப்புக்கொண்டார். ஒருநாள் பார்க்கவும் போனோம். வாடிக்கையாளர் கேட்டால் மெத்தையில் படுத்துக் காட்ட வேண்டும். அவர் படுத்தால் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பவர்கள் பயந்துபோய் ஒரு அளவு பெரிய கட்டிலாக வாங்கிக்கொண்டு போவார்கள். முதலாளிக்கு அவரைப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. மைதானத்தில் விழுந்து கிடந்த அனுபவம் அங்கேதான் பயன்பட்டது.

சில வருடங்கள் இழுத்துக் கடைசியில் நாள் குறித்த கலியாணத்துக்கு அக்கா வந்து இறங்கினாள். கலியாணம் அடுத்த கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை அவருக்கு ஆட்டம் இருந்தது. நாங்கள் விளையாட்டுப் பார்க்கப் போகிறோம் என்றதும் அக்கா அதை ஏதோ அரசாங்கத் திணைக்கள விளையாட்டுப் போட்டி என்று நினைத்துக்கொண்டாள். நல்ல சேலை உடுத்தி, அதன் மேல் என்னுடைய மழை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். மேலதிகாரிகள் வந்திருப்பார்களோ என்று வழியில் ஒருமுறை கேட்டாள்.

அன்றைய எதிரணி, அவர் முந்திய பருவம் விளையாடிய கழகம். எங்களுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். மருமகன் பந்தைத் தவறவிட்ட ஒவ்வொரு முறையும் அவரைக் கழுதை என்று கூப்பிட்டார். உதைபந்து தெரியாவிட்டாலும் அக்காவுக்கு 'டொங்கி' தெரியும். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். அது எங்கள் மருமகன், வரும் கிழமை கலியாணம், கொஞ்சம் பொறுத்திருந்து பாருங்கள் என்று தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னாள். மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கடைசிக் கட்டத்தில் மைதானத்து மூலையிலிருந்து ஒரு உதை, பந்து கோலுக்கு முன்னால் உயர்ந்து வந்தது. எல்லோரும் எம்பினார்கள். மருமகன் எம்பவில்லை, யாரோ அவருடைய காலில் ஏறி நின்றிருந்தார்கள். பந்து யாருடைய தலையிலோ பட்டு, அவருடைய முழங்காலில் வந்து மோதி, உள்ளே போய்விட்டது. கோல். அவருடைய அணிக்காரர் எல்லோரும் மேலே பாய்ந்து கட்டிப்பிடித்தார்கள். அவரோ இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, தலை குனிந்து, செத்த வீட்டுக்கு வந்தவர்போல நின்றார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "என்ன பிள்ளை, ஏதும் பிழை விட்டிட்டாரோ? ஏன் மன்னிப்புக் கேக்கிறார்?"

எனக்கும் தெரியவில்லை. கணவர் இதற்குள் எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தார். பழைய கழகத்துக்கு எதிராகக் கோல் அடித்தால் கொண்டாடக்கூடாது, அது ஒரு மரியாதை என்று விளக்கினார். "போன வருசம் இவர் அங்கதான் இருந்தவர், மச்சாள். ட்ரான்ஸ்ஃபரில இஞ்ச வந்தவர்."

அத்தானும் அப்படித்தான், மாறி வந்த பிறகும் பழைய ஸ்டேசனைப் பற்றி ஒருவரையும் குறை சொல்ல விடமாட்டார் என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். பிறகு எழுந்தாள்.

"அவருக்குத்தான் சந்தோசப்பட ஏலாது. நாங்கள் அங்க வேலை செய்யேல்லைத்தானே" என்று சொல்லிவிட்டுக் கை தட்டத் தொடங்கினாள். நானும் எழுந்தேன். கணவர் எழுந்தார். பின்னால் இருந்த தொப்பிக்காரரும் எழுந்தார். அவர் எந்த அணியின் ஆதரவாளர் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பி வரும்போது காரில் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இது கவுண்மேந்து வேலை இல்லை, என்ன?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "லண்டனுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீயும் சொல்லாத" என்றாள். அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

அன்று மாலை மருமகனிடம், கடைசியாக எப்போது ஒரு கோலைக் கொண்டாடினீர்கள் என்று கேட்டேன். அவர் விரல்களை மடித்துப் பார்த்தார். இங்கே ஏறக்குறைய எல்லாக் கழகத்திலும் இருந்தாயிற்று. யாருக்கு எதிராக அடித்தாலும் தலை குனிய வேண்டியதுதான். ஒரே ஒரு கழகம்தான் மிச்சம். ஆனால் அதன் கோல் காப்பாளர் இவருடைய எந்த உதையையும் விட்டதில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு, கோல் அடித்தபின் எந்தப் பக்கம் ஓடுவது என்பதே மறந்துவிட்டது, மாமி என்றார். அப்போது சிரிக்கவில்லை.

அந்த மிச்சமிருந்த ஒரு கழகத்துக்கு எதிராக இனிமேலாவது ஒரு கோல் அடிக்கட்டும் என்று நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். கலியாணம் முடிந்து சில மாதங்களில் அந்தக் கழகமே அவரை எடுத்துக்கொண்டது. நேர்த்தியை நிறைவேற்றுவதா வேண்டாமா என்று கணவரும் நானும் விவாதித்து, பிள்ளையார்மேல் பிழையில்லை என்று உடைத்துவிட்டு வந்தோம்.

அங்கேதான் அவருடைய ஆட்டம் முடிந்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இன்னும் ஒரு பருவம் ஓடலாம் என்று அவர் சொல்ல, மகள் மனைவியாகப் பேசாமல் பிசியோதெரபிஸ்ட்டாகப் பேசி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தாள். கடைசி ஆட்டத்தில் முடிவதற்குச் சற்று முன்னால் மாற்று வீரராக இறக்கினார்கள். பந்து அவர் பக்கம் வரவேயில்லை. ஆனாலும் இரண்டு பேர் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள், கடைசி விசில் வரைக்கும். அதை நான் பார்த்தேன், அவருக்கும் சொன்னேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

இப்போது மெத்தைக் கடையில் அவர்தான் மேலாளர். சனிக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் வீட்டுப் புல்லை வெட்டுகிறார், வெட்டியதையே திரும்பவும் வெட்டுகிறார்.

அந்தக் கடைசி ஆட்டம் முடிந்ததும் இருவரும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். முழங்கால் வீங்கிப் பலாக்காய் போல இருந்தது. ஐஸ் கொண்டுவா என்று மகள் குரல் கொடுத்தாள். குளிர்ப்பெட்டியில் ஐஸ் இல்லை. துருவி உறையவைத்த தேங்காய்ப்பூப் பக்கெட் ஒன்றை எடுத்துத் துவாயில் சுற்றிக் கொடுத்தேன். அவர் காலை நாற்காலியில் நீட்டி, அதை முழங்காலில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அருமையாக இருக்கிறது மாமி என்றார். நெடுநேரம் அப்படியே இருந்தார்.

அடுத்த நாள் காலை இடியப்பத்துக்குச் சம்பல் போட வேறு தேங்காய்ப்பூ இல்லை, அந்தப் பக்கெட்டைத்தான் உடைத்தேன். எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.