அம்மாவின் சக்கர நாற்காலியை ரத்து செய்தார்கள்

சபையில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் சாந்தமாகப் பேச வேண்டும் என்று பாஸ்டர் சொன்னார். என்னால் முடியாது. நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறேன். பல வருடம் ஒரு கம்பெனியில் விமான நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதினேன். மூன்று வருடத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், எங்கள் மேனேஜர் ஒரு வேலை கொண்டுவந்தார்.

நம் ஊர் அம்மாக்கள் பிள்ளையின் பிரசவம் பார்க்க வெளிநாடு போகும்போது சக்கர நாற்காலி கேட்பார்கள். கால் நன்றாகவே இருக்கும். இங்கிலீஷ் வராது, நடுவில் விமானம் மாறும் ஊரில் வழி தெரியாது, நாற்காலியைத் தள்ளுகிறவர் அடுத்த விமானம் வரை கூட்டிப்போவார் என்றுதான் கேட்பார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற நீங்களும் உங்கள் வீட்டில் அப்படித்தான் டிக்கெட் போடுகிறீர்கள். அந்த மாதிரி ஆட்களைக் கண்டுபிடித்து, நாற்காலியைத் தானாக ரத்து செய்யும் புரோகிராம் வேண்டுமாம்.

"கவுண்ட்டருக்கு நடந்துதானே வர்றாங்க, அப்புறம் எதுக்கு வீல்சேர்? ஃப்ரீயா கிடைச்சா போதும் இவங்களுக்கு" என்று மேனேஜர் சிரித்தார்.

"சார், அவங்க கேக்கறது சேர் இல்ல. கூட வர ஒரு ஆள்."

"சென்டிமென்ட் எல்லாம் வீட்டுல வச்சுக்கோங்க மேடம்."

எழுத மாட்டேன் என்றேன். வேறொரு டீம் எழுதிக் கொடுத்தது.

அடுத்த கோடையில் வெளிநாட்டில் இருக்கும் என் தங்கையின் பிரசவத்துக்கு அம்மா தனியாகக் கிளம்பினார். நானும் நாற்காலி கேட்டுத்தான் டிக்கெட் போட்டேன். அவர் போகும் விமானத்தில் அந்தப் புரோகிராம் இன்னும் வரவில்லை என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா கவுண்ட்டருக்கு நடந்து வந்தார் என்று பதிவானதும், விமானம் மாறும் ஊரில் காத்திருக்க வேண்டிய நாற்காலியை அது ரத்து செய்துவிட்டது. அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிறு ஆராதனை நடுவில் தங்கை போன் செய்தாள். "அக்கா, அம்மா அடுத்த ஃப்ளைட்ல ஏறலையாம். எங்க இருக்காங்கன்னே தெரியல." விமான நிறுவனத்தைக் கூப்பிட்டேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள்.

வெளியே பைக் நிறுத்தும் இடத்தில் நின்று கத்தினேன். "ஆண்டவரே, அந்த வேலையைச் செய்ய மாட்டேன்னு சொன்னது நான். தண்டனை எங்க அம்மாவுக்கா? இதுதான் உம்ம நியாயமா? இப்பவே அம்மாவைக் கண்டுபிடிச்சுக் கொடும்!" அதுதான் என் ஜெபம். "கோபப்படாதீங்க சிஸ்டர், எல்லாம் கர்த்தர் சித்தம்" என்று ஒருவர் தோளைத் தொட்டார். அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் பேசி அனுப்பியிருந்தாள்.

"அக்கா, உங்க அம்மா என்னாண்டதான் கீறாங்க. அழுவாத. போர்டு கீழ நின்னுகினு 'ஏசப்பா, ஏசப்பா'ன்னு அழுதுகினு இருந்தாங்க. தமிழ் காதுல வுழுந்துச்சு, பாஸ்போர்ட் லைன வுட்டு ஓடியாந்துட்டேன். உன் நம்பரு அவங்க பையில சீட்டுல இருந்துச்சு."

அவள் பெயர் கஸ்தூரி. கோவளம் பக்கம் மீன் விற்கும் குடும்பம். அந்த ஊரில் வீட்டு வேலைக்குப் போகிறவள். வெளியே அவளை வேலைக்குக் கூட்டிப்போக ஏஜென்ட் நின்றிருந்தான். "கத்தினா கத்திக்கட்டும்" என்றாள். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. சைகையிலேயே சண்டை போட்டு, அடுத்த விமானத்தில் இடம் வாங்கி, அம்மாவை ஏற்றிவிட்டுத்தான் போனாள். கர்த்தர் அனுப்பியவள் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளலாம்.

மறுநாளே வேலையை விட்டேன். ஒரே விமானத்தில் வழி தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர், இருவருக்கும் பேச ஒரே பாஷை. இவர்களை டிக்கெட் போடும்போதே சேர்த்துவிட்டால் என்ன? வீட்டில் உட்கார்ந்து அதை எழுதினேன். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். நிறைய பேர் சிரித்தார்கள். ஒரு விமான நிறுவனம் எடுத்துக்கொண்டது, பிறகு இன்னும் சில. போன மாதம் கஸ்தூரி லீவில் வந்தபோது, ஊர் திரும்பிய தாம்பரத்து அம்மா ஒருவரை அவளோடுதான் என் சாஃப்ட்வேர் சேர்த்தது. இருவரும் கைகோத்து ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வந்ததை நானே பார்த்து அழுதேன்.

பழைய மேனேஜர் வாழ்த்து அனுப்பினார். அவரை மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். அதற்கும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

கோபம் இருந்தால் கோபத்தோடே ஆண்டவரிடம் போங்கள். அவர் தாங்குவார். ஆனால் மனதுக்குள் முணுமுணுக்காதீர்கள். அம்மா வாய்விட்டு அழுததால்தான் கஸ்தூரிக்குக் கேட்டது. அப்படி ஒரு குரல் உங்கள் காதில் விழுந்தால், தயவுசெய்து வரிசையை விட்டு வெளியே வாருங்கள்.