கப்பல்காரங்களுக்குத் தகவல் சொல்லப் போனேன்

ராசு,

நீ கண்ணை மூடி நாப்பது நாளாச்சு. தினமும் நீ ரேடியோவுல பேசுன கப்பல் கூட்டாளிங்களுக்கு யாரும் தகவல் சொல்லலையேன்னு மனசு கேக்கல. இன்னிக்கு லேப்டாப்பையும் அதுல சொருகுற உன் குட்டி ரேடியோவையும் தூக்கிக்கிட்டு பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன்ல இருக்குற ஹேண்ட்போன் கடைக்குப் போனேன்.

"தம்பி, பேசுறதுக்கு எதை அமுக்கணும்?"

கடைக்காரர் சொருகிப் பார்த்துட்டு சிரிச்சாரு. "அக்கா, இது மலிவு சாமான் லா. கேக்கத்தான் முடியும். பேச முடியாது."

"என் வீட்டுக்காரர் பேசுவாரே?"

"இதுல எந்த மனுஷனும் பேச முடியாதுக்கா."

நீ ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு குழைஞ்சு குழைஞ்சு பேசுறப்போ, கப்பல்காரனுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு மிக்சியை நிறுத்திட்டு அம்மியில அரைச்சவ நான்.

இந்தக் கடுதாசியைப் படிக்கிற மத்தவங்க சிரிச்சுக்கோங்க, பரவால்ல.

ராசு, அத்தனை நாளும் யாருகிட்ட அப்படிக் குழைஞ்சு பேசுன?