விட்டுப்போன பெயர்

புதிதாக நாட்டுக்குள் வந்தவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'விட்டுப்போச்சா வக்கீல்'. குடியேற்ற விண்ணப்பத்தில் குடும்பத்தாரின் பெயர்களை எழுதும் பக்கம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "யாராவது விட்டுப்போச்சா?" என்று மூன்று தடவை கேட்பார். நான்காவது தடவையும் கேட்டுத் தொலைப்பார். "எதிர்வீட்டுக்காரர் பேரையும் சேர்த்துடவா சார்?" என்று பொறுமையிழந்து ஒருத்தர் கேட்டதுண்டு.

சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறைதான் ஆபீஸ். ஆனால் அவர் வேலை விண்ணப்பத்தோடு முடியாது. வந்து இறங்கியவர்களை அழைத்துப்போய் வங்கிக் கணக்கு தொடங்கி வைப்பார், வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பார், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பார், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதுவரை காட்டிவிட்டுத்தான் படியிறங்குவார். சாப்பிட்டுப் போகச் சொன்னால், "வீட்ல ஆள் காத்திட்டிருக்காங்க" என்று கூசாமல் புளுகுவார். அவருக்காகக் காத்திருந்தது நேற்று வடித்த சோறு மட்டும்தான்.

இத்தனைக்கும் கட்டிய மனைவியின் பெயரையே விட்டவர் இந்த மனுஷன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், கல்யாணமான இரண்டாம் மாதம் ஊரிலிருந்து கிளம்பும்போது, "கல்யாணம் ஆகலைன்னு போடுங்க தம்பி, ஃபைல் மளமளன்னு நகரும். போய் இறங்கினதும் வீட்டம்மாவைக் கூப்பிட்டுக்கலாம்" என்றான் ஏஜென்ட். போட்டார். இறங்கிய ஆறாம் மாதம் கூப்பிட்டார். குடியேற்றத் துறையிலிருந்து ஒரே பத்தியில் பதில் வந்தது: நீங்கள் தந்த தகவலின்படி உங்களுக்கு மனைவி இல்லை, அன்று சொல்லாத ஒருவரை இனி எப்போதும் அழைக்க முடியாது.

அந்த ஆத்திரத்தில்தான் சட்டம் படித்தார். பேசாமல் திரும்பிப் போயிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றாமலில்லை. படிப்பு முடியட்டும், லைசென்ஸ் வரட்டும், இந்த ஒரு கேஸ் முடியட்டும் என்று தள்ளிப்போட்டே காலம் ஓடிவிட்டது. இடையில் ஆறு தடவை ஊருக்குப் போனார், தடவைக்குப் பதினைந்து நாள் லீவு. அவர் வரவழைத்துக் கொடுத்த மனைவிமார்களுக்குக் கணக்கே இல்லை. விமான நிலையத்தில் கணவனும் மனைவியும் கட்டிக்கொள்ளும்போது அவருக்கு வயிறு எரியும். பிறகு அதற்காக வெட்கப்படுவார்.

போன வருஷம் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. அன்று மறைத்ததைத் தானாக ஒப்புக்கொள்பவர்கள் ஒரே ஒரு முறை மனுப் போடலாம். முதல் மனு அவருடையது. தட்டச்சு செய்த குமாஸ்தா அம்மா, "சார், உங்களுக்குக் கல்யாணம் ஆயிருக்கா? பதினொரு வருஷமா ஒரே ரூம்ல வேலை பாக்கறோம், சொல்லவே இல்லையே!" என்று வாயைப் பிளந்தார். அனுப்பிய பக்கங்களிலெல்லாம் மனைவி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். மற்றவர்களிடம், "வீட்டம்மாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று விசாரிக்காமல் ஃபைலைத் தொடாதவர், தன் விஷயத்தில் கையெழுத்தையே சம்மதமென்று எடுத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அனுமதிக் கடிதம் வந்தது. உடனே மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"வந்துடுச்சும்மா! அனுமதி வந்துடுச்சு. எப்போ டிக்கெட் போடட்டும்?"

"ரொம்ப சந்தோஷம். ஆனா நான் வரலைங்க."

"கையெழுத்துப் போட்டியே?"

"இத்தனை வருஷமா அந்த ஒரு தப்பை நினைச்சே புலம்பிட்டிருக்கீங்க. உங்க மனசு ஆறட்டும்னு போட்டேன். வர்றேன்னு எப்போ சொன்னேன்?"

புதியவர்களிடம் சொல்வதையே வக்கீல் ஒப்பித்தார். "முதல் மாசம் கஷ்டமாத்தான் இருக்கும், அப்புறம் பழகிடும். பேங்க், பஸ் எல்லாம் நான் காட்டித் தர்றேன்."

"இங்க எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. என் வகுப்புல நாற்பது பிள்ளைங்க இருக்காங்க. அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

"நான் இருக்கேனே!"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்களைத்தான் எனக்கு எவ்வளவு தெரியும்? கல்யாணமாகி ரெண்டு மாசம். அப்புறம் லீவுல வந்த தொண்ணூறு நாள். எல்லாம் சேர்த்தா அஞ்சு மாசம்ங்க."

பழக்கதோஷம், வக்கீல் மனதுக்குள் தேதிகளைச் சரிபார்த்தார். அவள் சொன்னதில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.