பெட்டியோட வந்த அட்டை

டிவி விற்பவர்களுக்கு டிவியைப் பற்றித் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவி வந்த பெட்டியைப் பற்றித்தான்.

சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் பதினோரு வருசமாக வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் இரண்டும் காலேஜுக்குப் போன பிறகு, என் பத்தாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு சேர்ந்த வேலை. வாங்கியவர் முன்னால் பெட்டியைப் பிரித்து, ரிமோட் இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா, ஸ்டாண்டு திருகாணி நாலும் இருக்கிறதா என்று எடுத்துக் காட்டி, வாரண்டி அட்டையில் சீல் போட்டுக் கொடுக்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கினவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் சில பெட்டிகளில் இன்னொரு அட்டையும் வருகிறது. வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் ஒரு நம்பர் இருக்கும். அதை டிவியில் போட்டால் ஒரு வருசத்துக்குப் படமும் தொடரும் சும்மா பார்க்கலாம்; வேறு டிவிக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு டிவியில்தான் ஓடும். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தெர்மாகோலோடு சேர்த்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு வந்த சோதனை எல்லாம் அந்த அட்டையால் வந்ததுதான்.

விழுந்தாலும் விழலாம்

மேலூர்ப் பக்கமிருந்து புருசனும் பொஞ்சாதியுமாக வந்தார்கள். அட்டையைக் கையில் கொடுத்ததும் அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். "சுரண்டிப் பாருங்கம்மா, நம்பர் இருக்கும்" என்றேன். "எல்லாருக்கும் இருக்குமா?" என்று கேட்டார். எல்லாருக்கும் இருக்கும் என்றதும் முகம் சுருங்கிப்போனது. எல்லாருக்கும் விழுகிற பரிசு என்ன பரிசு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இது பரிசுச் சீட்டு இல்லை, டிவியோடு சேர்த்துக் காசு கொடுத்து நீங்கள் வாங்கினது என்று நானும் எடுத்துச் சொன்னேன். புருசன்காரர் "சுரண்டித்தான் பாரேன்டி" என்று நகத்தை நீட்டினார். அந்த அம்மா பையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்:

"சுரண்டுனா இம்புட்டுத்தான்னு தெரிஞ்சுபோகும். சுரண்டாம வச்சிருந்தா பெருசா எதுவும் விழுந்தாலும் விழலாம்ல."

காலி சீட்டு

மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க வந்த ஒருவர், மேசை ஓரத்தில் கிடந்த அட்டை ஒன்றைப் பார்த்துவிட்டார். யாரோ விட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். "அவுக வேணாம்னு போட்டுட்டுப் போனதுதானக்கா, எனக்குக் குடுங்க" என்றார். அது டிவி வாங்கினவருடையது, நீங்கள் வாங்கினது வாஷர் என்றேன்.

அவர் விடவில்லை. "பஸ்ஸு காலியா ஓடுது. அதுல ஒரு சீட்டுல ஒருத்தன் உக்காந்தா பஸ்ஸுக்கு என்னக்கா குறைஞ்சுபோகும்?" என்று கேட்டார். எனக்கும் அன்றைக்கு நாக்கில் சனி. "காலி சீட்டா இருந்தாலும் டிக்கெட் எடுத்துட்டுத்தான தம்பி உக்காரணும்?" என்று பெரிய நியாயவாதி மாதிரி கேட்டுவிட்டேன். அவர் வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அமைதியாகக் கேட்டார்:

"டவுன் பஸ்ஸுல நீங்க எடுக்குறீங்களாக்கா?"

பாண்டியின் அன்னதானம்

பாண்டி எங்கள் கடை ஆள். வீடு வீடாகப் போய்ச் சுவரில் டிவி மாட்டிக் கொடுப்பவன். மாட்டி முடித்ததும் வீட்டுக்காரர்கள் பெட்டியை அவன் தலையில்தான் கட்டுவார்கள். உள்ளே கிடக்கும் அட்டைகளை அவன் ரப்பர் பேண்டு போட்டுச் சீட்டுக்கட்டு மாதிரி வைத்திருப்பான். விற்கமாட்டான், அதைச் சொல்ல வேண்டும். டீக்கடைக்காரருக்கு ஒன்று, முடி வெட்டுகிறவருக்கு ஒன்று என்று அன்னதானம் மாதிரி வாரி வழங்குவான்.

"கேட்டுட்டு எடுத்தியா பாண்டி?" என்றால், "பெட்டிய எடுத்துக்கன்னுட்டாகள்ல. தேங்காயக் குடுத்துட்டு உள்ள இருக்க தண்ணிய மட்டும் திருப்பிக் கேப்பாகளா?" என்பான். எங்கள் வேதத்தின் பத்துக் கட்டளையில் ஏழாவதை, 'களவு செய்யாதே' என்பதை, எடுத்துச் சொன்னேன். உன் வண்டி வாசலில் சும்மாதானே நிற்கிறது, யாரும் ஓட்டவில்லை என்று நான் எடுத்துக்கொண்டு போகவா என்றும் கேட்டேன். சாவியைத் தூக்கி மேசையில் வைத்தான்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்கக்கா. கொண்டாந்து விடும்போது பெட்ரோல் மட்டும் போட்டுருங்க."

நெட்டு இல்லாத வீடு

இவ்வளவு பேசின நான்தான் அடுத்து வருகிறேன்.

பரவைக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கிருந்து பஞ்சவர்ணம் என்று என் வயசு அம்மா ஒருவர் டிவி வாங்க வந்தார். பிறத்தியார் வயலில் வேலை செய்து மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர். மகள் சென்னையிலிருந்து அனுப்பின பணத்தில் வந்த டிவி. பெட்டியைக் கொண்டுபோங்கள் என்றேன். "பெட்டி எதுக்குத் தாயி, ஆளு படுக்கவே எடமில்ல, நீங்களே வச்சுக்கங்க" என்றார். வீட்டில் நெட் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். நெட்டே இல்லாத வீட்டுக்கு அட்டை எதற்கு என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது காவல் தூதரான சம்மனசின் குரல் இல்லை என்று இப்போது தெரிகிறது.

அவர் கொடுத்தது பெட்டி. நான் எடுத்தது அட்டை. அப்படி ஒன்று இருக்கிறது என்று அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. அவனியாபுரத்தில் என் மகள் ஸ்டெல்லா அப்போதுதான் பிள்ளை பெற்று, பால் கொடுத்துக்கொண்டு நாளெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருடையது என்று கேட்டாள். கடையில் கிடந்தது என்றேன். கடைக் கதையை எல்லாம் தினமும் அவளிடம் ஒப்பிக்கிறவள் நான். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"பாண்டியண்ணன் எடுத்தா ஏழாவது கட்டளை. நீ எடுத்தா கெடந்துச்சு."

எடைக்குப் போன பெட்டி

நாலு மாதம் கழித்துப் பஞ்சவர்ணம் கடைக்கு வந்து நின்றார். மகள் இவர் வீட்டுக்கு நெட் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். "பெட்டிக்குள்ள ஒரு அட்டை இருக்குமாமே, அதப் போட்டா படமாப் பாக்கலாமாம்ல. சாயங்காலம் வேலவிட்டு வந்தா வீட்டுல பேச்சுக்கொரு ஆளு இல்ல தாயி, அதான் கேட்டு வாங்கியாம்மான்னு மக சொன்னா" என்றார்.

பெட்டி அப்போதே எடைக்குப் போய்விட்டது என்றேன். யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பெட்டி எடைக்குத்தான் போனது. அட்டை அவனியாபுரம் போனது. அந்த மனுசி என் முகத்தைப் பார்த்து நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, கையிலிருந்த பையைத் திறந்து நாலு பிடி சீனியவரைக்காயை என் மேசையில் வைத்தார்.

"போகுது விடுங்க. பெட்டிய வேணாம்னது என் வாயி, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்."

பாவசங்கீர்த்தனம்

இரண்டு ஞாயிறு பூசையில் நான் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டேன். எங்கள் பங்குச் சாமியார் சின்ன வயசுக்காரர். அட்டை, சுரண்டுதல், நம்பர் என்று எல்லாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அவரும் டிவி வாங்கினவர்தான் போலிருக்கிறது, விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

"புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன் சாமி" என்றேன். "என்ன சொல்லிக் குடுப்பீங்க?" என்றார். மேசைக்கு அடியில் கிடைத்தது என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். "அதுக்குத் தனியா இன்னொரு தடவை வரணும்மா" என்றார். சுரண்டினதை ஒட்ட முடியாதே சாமி என்று அழுகிற மாதிரி ஆகிவிட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி இருந்தது.

"வருசத்துக்குப் பன்னெண்டு மாசம். நாலுதான போயிருக்கு? மீதி எட்டையும் உண்மையையும் அவங்ககிட்டக் குடுத்துட்டு வந்து, பத்து அருள்நிறை மரியே செபம் சொல்லுங்க."

இன்னும் மூணு பாகம்

அவனியாபுரத்துக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். ஸ்டெல்லா அப்போது ஒரு தொடரின் நடுவில் இருந்தாள். பங்களாக்காரரைக் கொன்றது தம்பியா, டிரைவரா என்று தெரிய இன்னும் மூன்று பாகம் இருந்தது. விடிந்தால் பரவைக்குக் கிளம்புவது என்று நானும் பாண்டியும் பேசி வைத்துவிட்டோம். இரவுக்குள் பார்த்து முடித்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தாள். பேரன் விடவில்லை. மொத்தம் அரைப் பாகம் பார்த்தாள்.

என் மகளைத் தப்பாக நினைக்காதீர்கள். நம்பரை எழுதித் தந்துவிட்டாள். தரும்போது கேட்டது இது மட்டும்தான்:

"ஒரு வாரம் கழிச்சு மனந்திரும்புனா ஆண்டவர் வேணாம்னா சொல்லப்போறாரு?"

பஞ்சவர்ணம் வீடு

காலையில் டவுன் பஸ்ஸில், பொம்பளைகளுக்கு இலவசம் என்பதால் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்காமல்தான் போனேன். மிக்ஸி வாஷர்க்காரர் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிற மாதிரியே இருந்தது. பாண்டி வண்டியில் முன்னாலேயே வந்து பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தான். வழியெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு உம்மென்று என்னோடு நடந்து வந்தவன் வாசலில் நின்று சொன்னான்: "ஏக்கா, இப்படி ஒவ்வொரு வீடா ஏறி இறங்கணும்னா என் அட்டைக் கட்டுக்குப் பெட்ரோல் கட்டுமா?"

பஞ்சவர்ணம் பாய் விரித்தார். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். பெட்டிதான் எடைக்குப் போனது, அட்டையை எடுத்தது நான், நாலு மாசம் என் மகள் பார்த்துவிட்டாள், மீதி எட்டு மாசத்தை உங்கள் டிவியில் போட்டுத்தர ஆள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. பாண்டி என்னைப் பார்த்தான், நான் சுவரிலிருந்த முருகனைப் பார்த்தேன். வேற்று வீட்டுச் சாமிதான், இருந்தாலும் அந்த நேரத்துக்கு யாராவது வேண்டுமே.

காபியோடு வந்து, தம்ளரை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டார்: "அன்னைக்குச் சீனியவரைக்கா குடுத்தேனே, அதையுமா பொரிச்சுத் தின்னீங்க?" தின்றோம் என்றேன். "நல்லா இருந்துச்சா?" நல்லா இருந்தது என்றேன். எனக்கு முன்னால் அவர்தான் சிரித்தார். தம்ளர் என் கைக்கு வந்தது.

பாண்டி நம்பரைப் போட்டான். திரையில் முதலில் வந்தது ஸ்டெல்லா பாதியில் விட்ட அந்தத் தொடர்தான். இது யார் பார்த்தது என்று பஞ்சவர்ணம் கேட்டார். என் மகள், கைப்பிள்ளைக்காரி, முடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்றேன். அந்த மனுசி என்னைப் பார்த்த பார்வையில், அட்டையை எடுத்ததைவிட இதுதான் பெரிய குற்றம்.

"கொன்னது யாருன்னு தெரியாம பால் குடுக்குறவளுக்கு எப்படி மனசு நிக்கும்? அவ போன் நம்பரக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துட்டுச் சொல்லுறேன்."

சொன்னபடியே சாயங்காலம் தவறாமல் பஞ்சவர்ணம் போன் போட, தொடர் மேல் தொடராக ஸ்டெல்லா இன்னமும் ஓசியில்தான் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள். இது எத்தனையாவது கட்டளையில் வரும் என்று சாமியாரிடம் கேட்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.