கால்களைப் பார்க்கிறவர்

சத்தியவேட்டிலிருந்து சென்னைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, தடித்த மணிக்கட்டு, ஏதோ தொழிற்சாலையின் செக்யூரிட்டி சட்டை. ஏறுகிறவர்களின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, கால்களைத்தான் பார்த்தார்.

ஒரு காலத்தில் கம்பெனி டீமில் சம்பளத்துக்கு ஹாக்கி ஆடியவராம். நிறைய கோல் போட்டிருப்பீர்களே என்றேன்.

"நான் கோல் போடறவன் இல்ல சார். கோல் போடறவனப் போடறவன். அதுக்குத்தான் என்னை டீம்ல வெச்சிக்கினு இருந்தாங்க. பந்து போனா போவுது, கணுக்கால்ல ஸ்டிக்கால ஒண்ணு வெச்சா ஆளு எங்க போவான்?"

"இப்போ நினைச்சா வருத்தமா இல்லையா?"

"எந்துக்கு சார்? கோல் போட்டவன இன்னிக்கு எவன் நெனைக்கிறான்? நான் அடிச்சவன் ஒவ்வொருத்தனும் என்னை நெனைச்சிக்கினேதான் நடப்பான்."

ஊத்துக்கோட்டையில் ஒரு பெரியவர் காலை இழுத்து இழுத்து ஏறினார். நான் எழுந்து இடம் கொடுத்தேன். இவர் குனிந்து, அந்தக் காலை நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இடது கால் சார். நம்மளுது இல்ல. நான் எப்பவும் வலதுலதான் வெப்பேன்."

அவர் குரலில் இருந்தது ஏமாற்றம்.