கண்ணாடிக்கு ஒதுக்கியது

மகாபலிபுரத்தில் அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்த காலத்தில், எங்கள் வீட்டில் மாதா மாதம் பட்ஜெட் தாக்கல் நடக்கும். சம்பளம் வந்த அன்று மாலை அப்பா, பேப்பரில் படித்த நிதி மந்திரிகளின் தோரணையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அரிசிக்கு, விறகுக்கு, கிரசினுக்கு, பாலுக்கு என்று பணத்தைப் பிரித்து டப்பாக்களில் போடுவார். எதிர்க்கட்சி அம்மா. டப்பாக்கள் காலியான பிறகு நாட்டை ஆள்வதும் அம்மாதான். மாதக் கடைசியில் சோறு எங்கிருந்து வருகிறது என்று மந்திரி ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசி டப்பா ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் விழுவது அம்மாவின் கண்ணாடிக்கு. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, உடனே கண்ணாடி போட வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பி, விரலால் தடவித்தான் கல் பொறுக்குவாள். விரலுக்குத் தப்பிய கல் எங்கள் பல்லில் அகப்படும். ஒருநாள் முந்தானையில் நெருப்புப் பற்றியது தெரியாமல் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான்தான் ஓடிப்போய்த் தண்ணீரைக் கொட்டினேன். அன்றிலிருந்து அவள் அடுப்பங்கரைக்குள் போனாலே நானும் தண்ணீர்ச் செம்போடு பின்னால் போவேன்.

அந்த டப்பா நிறையாததற்குக் காரணம் எங்கள் ஊர். வேறு ஊராக இருந்தால் உறவுக்காரர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் வருவார்கள். இங்கே ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு ராஜா பாறையைக் குடைந்துவிட்டுப் போனதற்கு நாங்கள் சோறு போட்டுக்கொண்டிருந்தோம்.

அதிலும் அத்தை குடும்பம் தவறவே தவறாது. அத்தை அப்பாவின் அக்கா. அச்சரப்பாக்கத்தில் மாமாவுக்கு வேர்க்கடலை மண்டி, வசதியான வீடு என்று பேர். சம்பளம் வந்த வாரத்திலேயே மாமாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவாள்.

"இன்னா தம்பி, கல்லு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

போன மாதம் பார்த்த அதே கல். அப்பாவோ உச்சி குளிர்ந்துபோய் அவர்களை அழைத்துக்கொண்டு அர்ச்சுனன் தபசைக் காட்டப் போய்விடுவார். அந்தப் பாறையில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிற பூனை ஒன்று உண்டு. அந்தப் பொய்த் தவத்தை நம்பிச் சுற்றிலும் எலிகள் கும்பிட்டுக்கொண்டிருக்கும். அத்தை அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எனக்குப் பூனையின் முகத்தில் அத்தையின் ஜாடை நன்றாகத் தெரியும்.

அவர்கள் மூன்று நாள் இருந்துவிட்டுப் போன பிறகு, அம்மா பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுவாள்.

"போன மாசம் உங்கக்கா ஒரு கண்ணைத் தின்னாங்க. இந்த மாசம் இன்னொன்னையும் தின்னுட்டாங்க."

"சொந்தக்காரங்க இல்லாம இன்னா வாழ்க்கை?" என்பார் அப்பா. பட்ஜெட்டில் விருந்தினருக்கு ஒரு டப்பாகூட வைக்காத மந்திரி.

கடைசியில் அம்மா ஒரு தந்திரம் செய்தாள். அடுத்த முறை அத்தை வந்து இறங்கியதும், "அண்ணி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அம்மனுக்கு விரதம் இருக்கேன். வூட்ல அரிசி வேகாது, எல்லாருக்கும் கேவுரு கஞ்சிதான்" என்றாள். மூன்று நாள் கேழ்வரகுக் கஞ்சி குடித்தால் யாரும் மறுமாதம் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பது கணக்கு.

அத்தையின் முகம் வாடவில்லை, மலர்ந்தது. "கண்ணுக்கா? அப்போ நாங்களும் இருக்கோம். ஆனா கஞ்சி குடிச்சிகினு விரதமா? ஆத்தா கோச்சிக்க மாட்டாளா? பலகாரம் பண்ணிப் படைக்கணும்மா."

அரிசி வேகவில்லை, உண்மைதான். கொழுக்கட்டை வெந்தது, வடை வெந்தது, வெல்லப் பாயசம் கொதித்தது. ஒரு மாத எண்ணெய் மூன்று நாளில் தீர்ந்தது. அம்மா கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை மூக்கு உரசக் குனிந்து பார்த்து வடை எடுத்தாள். நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அன்றைக்கு அத்தையின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது.

மறுமாதம் அத்தை வெறுங்கையோடு வரவில்லை. வெற்றிலையில் மடித்து, கண் வடிவத்தில் செய்த ஒரு ஜோடி வெள்ளித் தகடு கொண்டுவந்தாள். கண் நோய் தீர அம்மனுக்குச் சாத்துகிற கண்மலர். "உனக்காக நேர்ந்துகினேன். உன் கையாலயே சாத்திடு" என்றாள். நல்ல கெட்டி வெள்ளி.

அவர்கள் ஊருக்குப் போனதும் அம்மா அதைக் கையில் வைத்து எடை பார்த்தாள். "இந்தக் காசுல கண்ணாடியே வாங்கியிருக்கலாம்."

"அது சாமி சொத்து" என்றார் அப்பா.

"சாமிக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் புறப்பட்டாள். கடைத்தெருவில் வெள்ளியை விற்று, குறைந்ததற்குப் பால் டப்பாவில் கை வைத்துக் கண்ணாடி வாங்கினோம். திரும்பும்போது, பஸ்ஸுக்குள் புகைபிடிக்கக் கூடாது என்று எழுதியிருந்ததில் தொடங்கி வழியிலிருந்த பலகை ஒன்று விடாமல் எனக்குப் படித்துக் காட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை வந்த அத்தை வாசலிலேயே கையைத் தட்டினாள். "பாத்தியா, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!"

"ஆமாம் அண்ணி" என்றாள் அம்மா. பொய் இல்லை.

மூன்றாம் நாள் அவர்கள் புறப்படும்போது அம்மா வழக்கம்போல அத்தையின் காலில் விழுந்து கும்பிட்டாள். விழுந்தவள் சட்டென்று எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, மெட்டி எங்க?"

அத்தை காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "தேஞ்சி போச்சும்மா. மாத்தக் குடுத்துகீறேன்."

கால்விரல்களில் மெட்டி இருந்த இடம் வெளுத்துக் கிடந்ததை அதற்குள் நானும் பார்த்துவிட்டேன். அம்மா எழுந்து, அத்தை புடவையின் தையல்களையும், மாமா சட்டைக் காலரைத் திருப்பித் தைத்திருந்ததையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் அப்பா குடைந்து கேட்ட பிறகுதான் மாமா வாயைத் திறந்தாராம். மண்டி மூழ்கி இரண்டு வருஷம். முதல் வாரம் எங்கள் வீடு, அடுத்த வாரம் மதுராந்தகத்தில் மாமாவின் தம்பி வீடு, அப்புறம் இன்னொரு வீடு என்று முறை வைத்து வந்து போயிருக்கிறார்கள். அப்பா வாழ்நாளில் அப்படி ஒரு பட்ஜெட் போட்டதில்லை. பூனை என்று நினைத்துச் சிரித்த என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அடுத்த பட்ஜெட்டில் பிஸ்கட் டப்பா அத்தையின் மெட்டிக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்க்கட்சியே கொண்டுவந்த தீர்மானம். ஆனால் டப்பா நிறைய வெகுகாலம் ஆயிற்று. முதல் வாரமே அத்தை வந்து அதைச் சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

அத்தை இலை முன்னால் உட்கார்ந்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றி மாடத்தில் வைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், "சோறு போடறதுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்பாள்.